கொலைக்கதைக்காரர்களும் நாமும்

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் பிராந்தியம் பிராந்தியமாகச் சங்கம் வைத்து நடத்துகிறார்கள் என்று சொன்னால் நம் வட்டத்தில் முதலில் ஒரு சிரிப்பு எழும். விஷம் எத்தனை சொட்டு, பிணம் விறைக்க எத்தனை மணி நேரம் என்று கூடிப் பேசுவார்களாக்கும் என்பார் ஒருவர். வியாபாரிகளுக்குச் சங்கம் இருப்பது சகஜம்தானே, அரிசி மண்டிக்காரர்களுக்கும் இருக்கிறதே என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மை. விஷத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், வியாபாரத்தைப் பற்றியும்தான். அதனாலேயே அவர்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மர்ம நாவல் இலக்கியமா என்ற பழைய வழக்கை நான் மறுபடி விசாரணைக்கு எடுக்கவில்லை. எட்மண்ட் வில்சன் 1944 அக்டோபரிலும் 1945 ஜனவரியிலும் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் அந்த எழுத்து முழுவதையும் உரித்துப் போட்டார். அந்த இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவில், 1944 டிசம்பர் 'அட்லாண்டிக்' இதழில், அந்தத் துறைக்கு உள்ளேயிருந்தே ரேமண்ட் சாண்ட்லர் ஆங்கிலேயப் புதிர்க்கதையின் பொம்மைத்தனத்தை வில்சனுக்குச் சளைக்காமல் தாக்கினார். வழக்கில் அக்கறையுள்ளவர்கள் அவற்றைத் தேடிப் படிக்கட்டும். என் அக்கறை அதை அடுத்து நடந்ததில் இருக்கிறது.

அதே 1945இல் நியூயார்க்கில் 'மிஸ்டரி ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற சங்கம் ஆரம்பமாயிற்று. கிளேட்டன் ராசன், லாரன்ஸ் ட்ரீட், பிரெட் ஹாலிடே, ஆந்தனி பௌச்சர் ஆகியோர் அதன் ஆரம்பகர்த்தாக்களில் சிலர். வில்சனுக்கு மறுப்பு எழுதுவதற்காக அவர்கள் கூடவில்லை. மர்மக்கதையின் தத்துவம் என்று பிரகடனம் வெளியிடவும் இல்லை. குற்றம் போதுமான கூலி தருவதில்லை என்ற அர்த்தத்தில் ஒரு கேலி வாசகத்தைத் தங்கள் கோஷமாக வைத்துக்கொண்டார்கள். அதாவது, எழுதினால் கிடைக்கிற காசு பற்றவில்லை என்பதைப் பேசக் கூடினார்கள். இப்படி வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு தொடங்கிய ஒரு இலக்கிய ஸ்தாபனத்தை நம்மிடையே எனக்கு யாராவது காட்டட்டும்.

அந்தச் சங்கம் பின்பு நியூ இங்கிலாந்து, மிட்வெஸ்ட், புளோரிடா, வட கலிபோர்னியா என்று பிராந்தியக் கிளைகளாகப் பிரிந்து வேலை செய்யத் தொடங்கியது, இன்றும் செய்கிறது. கிளைகளின் நடவடிக்கைகளைப் பார்த்தால் அவற்றில் கவர்ச்சியாக எதுவும் கிடையாது. அவ்வப்போது ஒரு கூட்டம், சாப்பாட்டோடு. பேச அழைக்கப்படுகிறவர் பெரும்பாலும் எழுத்தாளர் அல்ல. ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பிரேதப் பரிசோதனை செய்கிற வைத்தியர், குற்றவியல் வக்கீல், துப்பாக்கி பற்றித் தெரிந்தவர். சில கிளைகளில் புதியவரின் கைப்பிரதியை அனுபவப்பட்ட ஒருவர் படித்துக் குறிப்பு எழுதித் தருகிற ஏற்பாடு உண்டு. எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, 1950இல் சங்கத் தலைவராக வந்த முதல் பெண்மணி ஹெலன் மக்லாயின் பெயரில் ஒரு உதவித்தொகை இருக்கிறது. 1956இல் ஹெர்பர்ட் பிரீன் பதிப்பித்து, தொழில் கையேடு ஒன்றையும் வெளியிட்டார்கள். அதில் அங்கத்தினர்கள் தாங்கள் எழுதும் விதத்தை, மின்சாரக் கம்பி இழுப்பவன் தன் வேலையைச் சொல்வதைப் போலச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். இவ்வளவுதான். இதில் எது அற்பம் என்று பார்ப்போம்.

முதலில் தகவல். மர்மக்கதைக்காரன் தகவலுக்குப் பயப்படுகிறான். ஆர்சனிக் கொடுத்து நொடியில் ஆளைச் சாகடித்தால் எங்கோ ஒரு வாசகன் கடிதம் எழுதுவான் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தால் வைத்தியரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறான். இது தாழ்ந்த வகைப் பயம் என்று வைத்துக்கொண்டாலும் அது ஒரு கட்டுப்பாடு. நம் தீவிரச் சிறுகதையில் கதாநாயகன் பெரும்பாலும் ஒரு குமாஸ்தா. அவன் ஆபீசில் என்ன வேலை செய்கிறான், எந்த ரிஜிஸ்தரில் எதைப் பதிகிறான், மேலதிகாரி அவனை எந்தக் காகிதத்தை வைத்து மிரட்டுகிறான் என்று கதை முழுக்கத் தேடினாலும் ஒரு வரி அகப்படாது. அந்நியமாதல் மட்டும் அகப்படும். எதிலிருந்து அந்நியமானான் என்று கேட்டால் கேட்டவன் ரசனையற்றவன். கவிதையிலும் இதே நிலைமைதான். மரம் என்று ஒரு பொதுமரம் நிற்கிறது. பறவை என்று ஒரு பொதுப்பறவை வந்து அமர்கிறது. படிமம் என்ற பெயரில் நாம் அச்சேற்றுகிறவற்றில் பாதி, எதையும் பார்க்காதவன் எழுதியவை. பார்த்தவனைக் கூப்பிட்டு ஒரு மாலை பேசச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நம்மில் யாருக்கும் தோன்றியதில்லை. கூப்பிடுவதானால் இன்னொரு விமர்சகரைத்தான் கூப்பிடுவோம்.

இரண்டாவது காசு. இதைப் பேசினாலே நம்மவர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. கலைஞன் காசைப் பற்றி யோசிக்கலாமா என்கிறார்கள். புதுமைப்பித்தன் யோசித்தார், அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. சினிமா வேலையாகப் புனாவுக்குப் போய், க்ஷயத்தோடு திரும்பி, 1948 ஜூனில் திருவனந்தபுரத்தில் இறந்தார். குடும்பத்துக்கு நிதி திரட்டினார்கள், அதன் பிறகு. திரட்டியவர்கள் நல்லவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்யதையும் இல்லை. ஆனால் நம்முடைய கூட்டுறவு அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் இரங்கல் கூட்டத்தில்தான் ஆரம்பமாகிறது. உயிரோடிருக்கும்போது ஒருவன் தன் பதிப்பாளரிடம் என்ன காகிதத்தில் கையெழுத்திட்டான், எத்தனை பிரதி அச்சாயிற்று, கணக்கு எப்போது வரும் என்பதெல்லாம் அவனுடைய அந்தரங்க விவகாரம். அவனும் சொல்ல மாட்டான், நாமும் கேட்க மாட்டோம். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாத எழுத்தாளர்களைவிட வசதியான சரக்கு எந்தப் பதிப்பாளருக்கும் கிடையாது.

கொலைக்கதைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டதன் பலத்துக்கு ஒரு உதாரணம் தருகிறேன். 2009இல் ஹார்லிக்வின் என்ற பெரிய பிரசுரக் கம்பெனி, எழுத்தாளனிடமே பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிற ஒரு தனிப் பிரிவைத் துவக்கியது. மர்ம எழுத்தாளர் சங்கம் தன் விருதுக்கும் அங்கத்தினர் தகுதிக்கும் எந்தெந்தப் பதிப்பாளர்களை ஏற்பது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் ஹார்லிக்வினை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்தக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்த சொந்த அங்கத்தினர்களுக்கு இதனால் நஷ்டம் என்று தெரிந்தே எடுத்தது. எழுதுகிறவனிடம் பணம் வாங்கக்கூடாது. பணம் எழுதுகிறவனுக்கு வர வேண்டும். இந்த ஒரு வரிக் கொள்கைக்காக.

இங்கே முதல் கவிதைத் தொகுதியைச் சம்சாரத்தின் வளையலை அடகு வைத்து அச்சடிப்பதை ஒரு வீரசாகசமாக நாம் கதை சொல்கிறோம். தானே அச்சடித்துத் தானே விற்பவனிடம் எனக்குத் தகராறு இல்லை. சிறுபத்திரிகைகளே அப்படித்தான் பிறந்தன. எழுதியவனிடம் பணத்தைக் கறந்துகொண்டு, தன் பெயரைப் பதிப்பாளர் என்று போட்டுக்கொள்கிறவனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுடைய புத்தக வெளியீட்டு விழாவில் மேடையேறிப் பேசுகிறவர்கள் யார்? நாம்தான்.

இன்னொரு உதாரணம் 1986இல். சாரா பரெட்ஸ்கி முதலான பெண் எழுத்தாளர்கள், மர்ம எழுத்தில் பெண்களின் புத்தகங்களுக்கு மதிப்புரை கிடைப்பதில்லை என்று கண்டு 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். பெண்மொழி என்று ஒன்று உண்டா என்ற விவாதத்தில் அவர்கள் தொடங்கவில்லை. பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை புத்தகம் மதிப்புரை பெற்றது, அதில் பெண்கள் எழுதியது எத்தனை என்று எண்ணினார்கள். எண்ணியதைப் பத்திரிகைக்காரர்கள் முன் வைத்தார்கள். எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். நம் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களை எடுத்து யாராவது இப்படி எண்ணிப் பார்க்கட்டுமே. எத்தனை பெண்கள், எத்தனை சாதி, எத்தனை பேர் ஆசிரியரின் சிநேகிதர்கள் என்று. தரம் என்ற சொல்லை அதற்குப் பிறகு நாம் இவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டோம் என்று நினைக்கிறேன்.

இனி, எதிர்த்தரப்பு. இரண்டு தரப்பினர் இருக்கிறார்கள். கூட்டம் சேர்ந்தால் எழுத்து செத்துவிடும், சிருஷ்டி என்பது தனியாளின் தவம் என்கிறது ஒரு தரப்பு. கூடி உட்கார்ந்தால் எழுத்து வந்துவிடும், பட்டறை நடத்தினால் போதும் என்கிறது மற்றது. இருவருக்குமே இந்தக் கொலைக்கதைக்காரர்களின் சரித்திரத்தில் பாடம் இருக்கிறது.

கூடி எழுதுவதை அவர்கள் பரீட்சை செய்தே பார்த்திருக்கிறார்கள். லண்டனில் 1930இல் ஆந்தனி பெர்க்லி முன்னின்று துவக்கிய 'டிடெக்‌ஷன் கிளப்' அடுத்த ஆண்டே 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்ற நாவலை வெளியிட்டது. செஸ்டர்டன், டாரதி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி, ரொனால்ட் நாக்ஸ் என்று பெரிய தலைகள்; ஆளுக்கு ஒரு அத்தியாயம். தன் அத்தியாயத்தை எழுதுகிறவன் மனதில் ஒரு முடிவோடு எழுத வேண்டும், முன்னால் எழுதியவர்கள் விட்டுச்சென்ற சிக்கல்கள் எதையும் ஒதுக்கக்கூடாது என்பது நிபந்தனை. பெரும்பாலோர் தாங்கள் நினைத்திருந்த முடிவையும் தனியே எழுதிக் கொடுத்தார்கள். அவை புத்தகத்தின் பின்னால் அச்சாயின. படித்தால், ஒரே பிணத்துக்கு ஆளுக்கொரு கொலைகாரன். கடைசி அத்தியாயத்தில் எல்லோருடைய குப்பையையும் பெர்க்லி அள்ள வேண்டியதாயிற்று.

வட கலிபோர்னியா கிளை இதையே 1951இல் செய்தது. பௌச்சர் உள்பட பன்னிரண்டு பேர் சேர்ந்து 'தி மார்பிள் ஃபாரஸ்ட்' எழுதினார்கள். ஒரு வைத்தியரின் குழந்தையை யாரோ உயிரோடு புதைத்துவிடுகிறார்கள். மூச்சு முட்டுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் பெயர் தியோ டுரண்ட் என்று போட்டார்கள். அது 1895இல் சான் பிரான்சிஸ்கோ சர்ச் ஒன்றில் இரண்டு பெண்களைக் கொன்றதற்காக 1898இல் தூக்கிலிடப்பட்டவனின் பெயர். இந்த விளையாட்டுக் கெட்டிக்காரத்தனம் பெயரில் இருக்கும் அளவுக்கு நாவலில் இல்லை. 1958இல் அதை வில்லியம் காஸில் சினிமாவாக எடுத்தபோது, படம் பார்த்துப் பயத்தில் செத்தால் ஆயிரம் டாலர் என்று இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் கொடுத்து ஜனங்களை உள்ளே இழுத்தார். பன்னிரண்டு பேர் உழைப்பும் கடைசியில் அந்தப் பத்திரத்தின் நிழலில் போய் நின்றது.

ஆகவே பட்டறைக்காரர்கள் கவனிக்க: கூடி எழுதினால் ஒரு கதை கிடைக்கும், ஒரு பார்வை கிடைக்காது. இதை அந்தக் கொலைக்கதைக்காரர்களே புரிந்துகொண்டார்கள். கூட்டு நாவலை விளையாட்டாக, நிதிக்காக, எப்போதோ ஒருமுறை செய்தார்கள். மற்ற நாட்களில் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் மேஜையில் உட்கார்ந்து எழுதினார்கள். டிடெக்‌ஷன் கிளப்பில் சேருகிறவர் ஒரு சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். தெய்வ வாக்கு, தற்செயல், உள்ளுணர்வு ஆகியவற்றை வைத்துத் துப்புத் துலக்க மாட்டேன், முக்கியமான தடயத்தை வாசகனிடமிருந்து மறைக்க மாட்டேன் என்று. சடங்கு பாதிக்கு மேல் கேலிதான். ஒரு மண்டை ஓட்டைக்கூட வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பிரமாணத்தில் நீ இப்படித்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. வாசகனை ஏமாற்றாதே என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. எதைப் பகிர்ந்துகொள்ளலாம், எதைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்பதில் அவர்களுக்கு ஒரு தெளிவு இருந்தது. தகவலைப் பகிரலாம். ஒப்பந்தத்தைப் பகிரலாம். அச்சுக்குப் போகும் முன் இன்னொரு கண்ணுக்குக் கைப்பிரதியைக் கொடுக்கலாம். பார்வையைப் பகிர முடியாது. நாம் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டோம். பகிர முடியாத பார்வையைத்தான் நாம் கூடிப் பங்குபோடுகிறோம். ஒரு பத்திரிகை, ஒரு இஸம், ஒரே மொழிநடை, ஒரே ஐந்து வெளிநாட்டுப் பெயர்கள். அந்த வட்டத்தில் யார் எழுதினாலும் ஒருவரே எழுதியது போலிருக்கும். பகிர வேண்டியவற்றையோ ஒவ்வொருவரும் தனித்தனியே பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறோம். கைப்பிரதியை முன்கூட்டி ஒருவரிடம் காட்டுவது கௌரவக் குறைச்சல். அச்சில் வந்த பிறகு அவன் தாக்கினால் பத்து வருஷப் பகை. தவம் என்று முதல் தரப்பினர் சொல்வது இந்தப் பூட்டைத்தான்.

தனியாளின் தவத்தை நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். நம் வட்டத்தில் போர்ஹெஸ் பெயரைச் சொல்லும்போது குரல் தாழும். அந்தப் போர்ஹெஸ் ஆங்கிலத்தில் முதன்முதலாக எங்கே வந்தார்? ஏதோ ஒரு பல்கலைக்கழகச் சஞ்சிகையில் இல்லை. 1948 ஆகஸ்ட், 'எல்லரி குவீன்ஸ் மிஸ்டரி மேகஸின்', கடைகளில் தொங்கும் கொலைக்கதைப் பத்திரிகை. கதை 'கிளைவிடும் பாதைகளின் தோட்டம்'. மொழிபெயர்த்தவர் ஆந்தனி பௌச்சர். சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர், மேலே சொன்ன பன்னிரண்டு பேரில் ஒருவர். போர்ஹெஸின் கதைத் தொகுதிகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வரும் 1962க்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு.

இது தற்செயல் என்று தள்ள முடியாது. பௌச்சர் 1942 முதல் சான் பிரான்சிஸ்கோ தினசரி ஒன்றிலும், பிறகு 1968இல் சாகும்வரை 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையிலும் மர்ம நாவல்களுக்கு மதிப்புரை எழுதினார். வாராவாரம், குப்பை உள்பட எல்லாவற்றையும் படித்து. 1946இல் அந்த மதிப்புரைகளுக்காகச் சங்கத்தின் எட்கர் விருதே அவருக்குக் கொடுக்கப்பட்டது. பெர்க்லி நகரில் தன் வீட்டிலேயே எழுத்து வகுப்பும் நடத்தினார். அங்கே வந்த ஒரு இளைஞனின் கதையைத் தன் பத்திரிகைக்கு 1951இல் வாங்கினார், ஃபிலிப் கே. டிக் விற்ற முதல் கதை அது. புதிரும் நேர்மையும் எங்கே சேர்ந்து நிற்கின்றன என்று பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான சாதாரணக் கதைகளில் தேடிப் பழகிய கண்தான் ஸ்பானிஷ் மொழியில் போர்ஹெஸைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டது. நாமோ உலகம் அங்கீகரித்த பிறகு போர்ஹெஸை வரவேற்றோம். அதை ரசனை என்று சொல்லிக்கொள்கிறோம்.

அந்தச் சங்கங்களைத் தேவலோகமாக்க எனக்கு உத்தேசமில்லை. அங்கேயும் விருது இருக்கிறது. விருது இருக்கும் இடத்தில் அதற்குரிய அசட்டுத்தனமும் இருக்கிறது. 2018 நவம்பரில் லிண்டா ஃபேர்ஸ்டீனுக்கு 'கிராண்ட் மாஸ்டர்' பட்டம் அறிவித்தார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வழக்கில் ஐந்து சிறுவர்கள் தண்டிக்கப்பட்ட காலத்தில், பாலியல் குற்றங்களுக்கான அரசுத்தரப்பு வக்கீல் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் அவர். அந்தத் தண்டனைகள் 2002இல் ரத்தாயின. ஆட்டிகா லாக் என்ற நாவலாசிரியை பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டே நாளில் சங்கம் அறிவிப்பை வாபஸ் வாங்கியது. முதலில் யோசிக்காமல் அறிவித்தது அசிங்கம்தான். ஆனால் காகிதத்தில் குற்றத்தை வைத்துப் பிழைப்பவர்கள், நிஜமான குற்றவழக்கில் தண்டிக்கப்பட்ட நிஜமான சிறுவர்களின் முன் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்கள். நம்மிடையே ஒரு விருது அறிவிக்கப்பட்டு, அங்கத்தினர்களின் தார்மீகக் கேள்வியால் இரண்டு நாளில் திரும்பப் பெறப்படுமா என்று யோசித்துப் பாருங்கள். வாங்கியவரைத் திட்டித் தனித்தனியே கடிதம் எழுதிக்கொள்வோம். அடுத்த வருஷம் அதே குழுவுக்கு நம் புத்தகத்தையும் அனுப்புவோம்.

சங்கம் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று போட்ட மறுநாளே நாம் மூன்று கட்சியாகிவிடுவோம். சொல்வது இன்னும் சின்ன விஷயம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் நூறு இருநூறு பேர் இருப்போம். அடுத்த முறை கூடும்போது பின்நவீனத்துவத்தின் மேல் கட்டுரை வாசிப்பதற்குப் பதில், ஒவ்வொருவரும் தன் கடைசிப் புத்தகத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தைக் கொண்டுவரட்டும். ஒப்பந்தமே இல்லாதவர்கள் அதைச் சொல்லட்டும். யாராவது ஒருவர் பழைய இதழ்களை எண்ணிக்கொண்டு வரட்டும். நெசவாளியைப் பற்றிக் கதை எழுதியிருப்பவர் அதை அச்சுக்குக் கொடுக்கும் முன் தறியில் உட்கார்ந்த ஒருவருக்குப் படித்துக் காட்டட்டும். அவர் சிரித்தால் எங்கே சிரித்தார் என்று குறித்துக்கொள்ளட்டும்.

பார்வையை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதை யாரும் கேட்கப்போவதில்லை.